பிரஷர் மெஷினை மாற்றப் போனவள்

மெஷின் பழுது என்று அரைவிலை அக்கா காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆதாரம் கையிலேயே இருந்தது. படுக்கையில் கிடக்கும் கணவருக்கு நூற்று முப்பதும் எண்பதும் காட்டிய அதே மெஷின், அவளுக்கு இருநூற்றுப் பத்தும் நூற்று இருபதும் காட்டியது. அவரைத் தூக்கி உட்காரவைத்து, பல் தேய்த்துவிட்டு, துணி மாற்றி, வெந்நீர் போட்டு, விடிந்ததிலிருந்து வீடு முழுக்க ஓடிக்கொண்டிருப்பவள் அவள். படுத்துக் கிடப்பவருக்கு நல்ல பிரஷர், ஓடி ஆடுபவளுக்குக் கெட்ட பிரஷர் என்றால் அந்த மெஷினுக்கு என்ன புத்தி இருக்கும்.

அவள் தன் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டதே பொருளைச் சோதிக்கத்தான். கொஞ்ச நாளாகக் கணவருக்கு எண்கள் நன்றாகவே வந்துகொண்டிருந்தன. அதுவே அவளுக்குச் சந்தேகம். பிறந்தது ஜவுளிக்கடை வீடு, புகுந்தது பாத்திரக்கடை வீடு. சேலையைப் பிரித்தால் முதலில் கரையைத் தேய்த்துப் பார்க்கிற கை, குடத்தை எடுத்தால் தட்டிப் பார்க்கிற காது. எல்லாம் சரியாக இருக்கிற சரக்கை அவள் இதுவரை நம்பியதில்லை.

அரைவிலை என்ற பெயரைக் கடைவீதி அவளுக்குச் சும்மா வைக்கவில்லை. கடைக்காரர் விலை சொல்லி வாய் மூடுவதற்குள் அதில் பாதியைச் சொல்வாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தால், பொருளை வைத்துவிட்டு எழுந்து நாலு எட்டு நடப்பாள். முதுகுக்குப் பின்னால் கூப்பிடும் குரல் கேட்கும். கூப்பிடாத கடைக்காரரை அவள் கண்டதில்லை.

அவள் கணவரும் லேசுப்பட்ட ஆள் அல்ல. பாத்திரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து, குறைத்துக் கேட்கிற ஒவ்வொருவருக்கும் "பார்க்கலாம்" என்று ஒரே பதிலைச் சொல்லி, கடைசியில் ஒன்றும் குறைக்காமல் விற்றுப் பேரெடுத்தவர். போன மழைக்காலத்தில் ஒரு நாள் அதே கல்லாவில் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பக்கவாதம். வலது கை போனது, வலது கால் போனது, பேச்சும் போனது. மிச்சம் நின்ற ஒரே சொல் "பார்க்கலாம்". மற்ற எல்லா வார்த்தைகளையும் வாரிக்கொண்டு போன நோய், ரொம்பத் தேய்ந்துபோன அந்த ஒன்றை மட்டும் இது விலைபோகாது என்று விட்டுவிட்டது போலிருக்கிறது. பசித்தாலும் பார்க்கலாம். வலித்தாலும் பார்க்கலாம். டாக்டர் பெயர் என்ன என்று கேட்டாலும் பார்க்கலாம்.

அன்றிலிருந்து அவரை அவள்தான் பார்க்கிறாள், அவள் மட்டும்தான். பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அந்த அம்மாள் துண்டைப் பிழிகிற விதத்திலேயே குறை கண்டு, சாயங்காலத்துக்குள் அரைவிலை அக்கா கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டாள். மாடியில் இருக்கும் ஓர்ப்படி, அதாவது இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தனின் மனைவி, "நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கறேனே அக்கா" என்று இறங்கி வந்து நிற்பாள். "நீ உன் வேலையைப் பாரும்மா" என்று இவள் திருப்பி அனுப்பிவிடுவாள். காரணம் பகிரங்கமானது. ஓர்ப்படி பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுப் பெண். கடைக்காரர் சொன்ன விலையைக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு வருகிறவள். கடைவீதி அவளுக்குச் சொன்னவிலை என்று பெயர் வைத்திருந்தது. ஒரு கத்தரிக்காயைப் பேசி வாங்கத் தெரியாதவளிடம் ஒரு மனுஷனை எப்படி ஒப்படைப்பது.

ஆனால் இன்றைக்கு வேறு வழியில்லை. மெஷினை மாற்ற ஆள் அனுப்பினால் கடைக்காரன் ஏமாற்றிவிடுவான். அவளே போக வேண்டும்.

"இந்தாம்மா, செத்த நேரம் வந்து உக்காரு. மெஷினை மாத்திட்டு வந்துடறேன்."

"நிதானமா போயிட்டு வாங்கக்கா."

"நிதானமாப் போக எனக்கு எங்க நேரம். அவருக்கு எதையும் குடுத்துடாத. நான் வந்து பாத்துக்கறேன்."

"தண்ணி கேட்டா?"

"கேக்க மாட்டார். கேட்டாலும் பார்க்கலாம்னுதான் கேப்பார். உனக்குப் புரியாது."

கட்டிலில் இருந்தவர் இடது கையைத் தூக்கி, "பார்க்கலாம்" என்றார். போய் வா என்றாரோ போகாதே என்றாரோ. அவள் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள்.

மருந்துக்கடையில் நல்ல கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் நேராகப் போய் டப்பாவைக் கல்லா மேசைமேல் வைத்தாள்.

"என்னக்கா ஆச்சு?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பைத்தியம் பிடிச்சிருக்கு."

"யாருக்கு?"

"உங்க மெஷினுக்குத்தான் தம்பி. மாத்திக் குடுங்க. பில் இருக்கு, டப்பா இருக்கு, உள்ள வச்ச பஞ்சுகூடப் பத்திரமா இருக்கு."

அவர் பட்டையைத் தன் கையில் சுற்றி அழுத்தினார். மெஷின் உறுமி, ஊதி, அடங்கி, ஒழுங்கான எண்ணைக் காட்டியது. "எனக்குச் சரியாத்தானே காட்டுது."

"உங்க கடைச் சரக்கு உங்ககிட்ட விசுவாசமாத்தான் இருக்கும். வெளியாள் கையில கட்டுங்க."

இருமலுக்கு மருந்து வாங்க நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் அகப்பட்டார். வேண்டாம் வேண்டாம் என்றபடியே கையை நீட்டினார். அவருக்கும் ஒழுங்கான எண்தான்.

"இப்ப எனக்குக் கட்டுங்க" என்று அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கையை மேசைமேல் வைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. "பாத்தீங்களா. ஆளுக்கு ஒரு விலை சொல்லுது. இதெல்லாம் ஒரு யோக்கியமான மெஷினா?"

மருந்துக்கடைக்காரர் அலமாரியிலிருந்து புது டப்பா ஒன்றைப் பிரித்தார். அதுவும் இருநூறைத் தாண்டியது.

"அதே கம்பெனி. அண்ணன் எவ்வழியோ தம்பியும் அப்படித்தான்" என்றாள். வேறு கம்பெனி டப்பா வந்தது. அதிலும் எண் அசையவில்லை. அவள் அசந்துவிடவில்லை. "எல்லாம் ஒரே லாரியில வந்த சரக்கு. வர்ற வழியில குலுங்கியிருக்கும். பேசாம இதை ஒரு நூத்தஞ்சுன்னு வச்சுக்கலாம்."

"அக்கா, பிரஷர்லயும் பாதி கேக்கறீங்களே" என்றார் ஆட்டோக்காரர். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மருந்துக்கடைக்காரர் சிரிக்கவில்லை. உள்ளே போய், ரப்பர் உருண்டையை அமுக்கிக் காற்றடிக்கும் பழைய கருவியையும், காதில் மாட்டும் குழாயையும் எடுத்து வந்தார். அவள் கையைப் பிடித்துக் காற்றடித்தார். முள் இறங்க இறங்க அவர் முகமும் இறங்கியது. குழாயைக் காதிலிருந்து கழற்றிவிட்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"அக்கா, தலை வலிக்குதா?"

"தலைன்னு ஒண்ணு இருந்தா வலிக்கத்தான் செய்யும்."

"கண்ணு மங்குதா?"

"கண்ணாடி மாத்தணும். அதுக்கெல்லாம் நேரமில்ல. நீங்க மெஷினை மாத்துங்க முதல்ல."

"சரிக்கா. புதுசே எடுத்துக்கங்க."

அவள் வாயில் தயாராக இருந்த அடுத்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. சரியா? எடுத்த எடுப்பில் சரியா? பிரித்த டப்பாவைத் திருப்பி எடுக்க மாட்டோம், கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்று மூக்கால் அழாமல், ஒரு வியாபாரி சரி என்கிறானா? காதில் விழுந்ததைச் சோதிக்க, அவள் கொக்கியைப் போட்டுப் பார்த்தாள்.

"கூட ஒரு பஞ்சுக் கட்டும் வையுங்க."

"வைக்கிறேன்."

"ரெண்டு."

"எத்தனை வேணுமோ எடுத்துக்கங்கக்கா. எல்லாத்தையும் அப்புறம் எடுத்துக்கலாம். இப்ப எழுந்திருங்க. பக்கத்துல டாக்டரம்மா இருப்பாங்க. நானே கூட வரேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. கல்லாவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, வழியை மறித்த மடக்குப் பலகையைத் தூக்கி வெளியே வந்தார். கூட்டம் நெரிகிற நேரத்தில், கையில் சீட்டு வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்கும்போது, ஒரு கடைக்காரர் கல்லாவை விட்டு வெளியே வந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு அவளை ஒன்றும் செய்யவில்லை. இது செய்தது. அவள் அப்பா கடையில் ஒரு தரம் பின்கட்டில் தீப்பிடித்தது. அப்போதுகூட அவர் கையில் இருந்த பேரத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அப்படிப்பட்ட இனத்தில் ஒருவர் விலை பேசாமல் எழுந்து வருகிறார் என்றால் எரிவது கடையல்ல. எழுந்திருக்க ஆட்டோக்காரர் கைகொடுத்தார். அவளும் மறுக்காமல் பிடித்துக்கொண்டாள். அதுவே அவளுக்கு இன்னொரு திகில்.

டாக்டரம்மா இரண்டு கையிலும் பார்த்தார். கண்ணுக்குள் விளக்கடித்தார். கைகளை நீட்டச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார். எதற்கும் அவள் எதிர்த்துப் பேசவில்லை. மெஷின்கள் எல்லாம் ஒரே பக்கம் கட்சி சேர்ந்துவிட்டன என்பது புரிந்துவிட்டது.

"கடைசியா எப்ப டாக்டரைப் பாத்தீங்க?"

"மாசாமாசம் அவரை இங்கதானே டாக்டர் கூட்டிட்டு வரேன்."

"அவரைக் கேக்கல."

அவள் யோசித்தாள். யோசிக்க வேண்டியிருந்ததே என்று ஒரு கணம் வியந்தாள். "எனக்கும் பிரஷர் மாத்திரை ஒண்ணு இருந்துச்சு. அவருக்கு இப்படி ஆனதும் நிறுத்திட்டேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "ஏன்?"

"ஒரே வீட்டுல ரெண்டு பேர் மாத்திரை இருந்தா மாறிப்போயிடும் டாக்டர். அவசரத்துல என்னுதை அவருக்குக் குடுத்துட்டா? அதான் ஒருத்தரோடதை நிறுத்திட்டேன்."

"யாரோடதை நிறுத்தலாம்னு யோசிச்சீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

வாசலில் நின்ற மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தான் சொன்ன பதில் காற்றில் நின்று தன்னையே திரும்பிப் பார்ப்பது போல அவளுக்கு இருந்தது. இவ்வளவு நாளும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. வாய்விட்டுச் சொன்னபோது, உள்ளூர ஓட்டை விழுந்த குடத்தைத் தட்டினால் வரும் சத்தம் வந்தது.

"மாத்திரை தரேன். மடமடன்னு இறக்கக் கூடாது, மெல்லத்தான் இறக்கணும். சாயந்திரம் வரைக்கும் இங்கயே படுங்க" என்றார் டாக்டரம்மா.

பழக்கம் விடவில்லை. "மத்தியானம் வரைக்கும் படுக்கறேன்."

"சாயந்திரம்."

"சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ஒரு மணி நேரம் கூட்டிக்கங்க. அவருக்கு மத்தியானம் நான்தான் ஊட்டணும்."

"அம்மா, இது கடை இல்ல."

"தெரியும் டாக்டர். கடையா இருந்தா இந்நேரம் எழுந்து போயிருப்பேன்."

"போங்களேன்."

அவள் எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவை நோக்கி நாலு எட்டு நடந்தாள். ஒவ்வோர் எட்டிலும் காது பின்னால் இருந்தது. கூப்பிடவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தாள். அப்போதும் கூப்பிடவில்லை. பேனா காகிதத்தில் ஓடும் சத்தம்தான் கேட்டது. பிறகு, தலையைத் தூக்காமலே டாக்டரம்மா சாதாரணமாகக் கேட்டார்:

"உங்க வீட்டுல அவர் கட்டில் பக்கத்துல இன்னொரு கட்டில் போட இடம் இருக்கா?"

அந்த அறை கண்முன் வந்தது. ஜன்னலோரம் அவர் கட்டில். இந்தப் பக்கம் சுவரோரம் ஒன்று போடலாம். அலமாரியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். அளவெடுத்துவிட்டாள், பாழாய்ப்போன வியாபார புத்தி. அளவெடுத்த பிறகுதான் அதில் யார் படுத்திருப்பது என்று பார்த்தாள். இரண்டு கட்டில், இரண்டு பேர், ஒருவர் "பார்க்கலாம்" என்கிறார், மற்றவருக்கு எந்தச் சொல் மிஞ்சியது என்று தெரியவில்லை. இருவரையும் பார்க்க அறையில் ஆளில்லை.

அவள் திரும்பி வந்து, பேசாமல் படுத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் கூப்பிடாமல் திரும்பி வந்த முதல் கடை அது.

மாத்திரையை விழுங்கியதும் போனை எடுத்து ஓர்ப்படியைக் கூப்பிட்டாள். தலையணையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், உணவை எந்தப் பதத்துக்கு மசிக்க வேண்டும், கரண்டியை இடது கடைவாயில் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு வாய்க்கும் விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்க்க வேண்டும், துண்டு நீலத் துண்டு, பச்சைத் துண்டு அல்ல. "ரெண்டு வாயிலயே மூடிக்குவார், கட்டாயப்படுத்தாத. அவருக்குப் பசியே போச்சு. என்கிட்டயே அவ்வளவுதான் சாப்பிடறார், உன்கிட்ட எங்க சாப்பிடப்போறார்."

"சரிக்கா. நீங்க எங்க இருக்கீங்க? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மெஷினை ரிப்பேர் பண்ண வச்சிருக்காங்க. நேரமாகும்."

மறுபடி கூப்பிட்டாள், துண்டைப் பற்றி. மறுபடியும், ஜன்னலைப் பற்றி. அதற்கு மேல் நர்ஸ் பொறுக்கவில்லை. போனை வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டாள். "வீட்டுல யாராவது இருக்காங்கல்ல?" என்றாள்.

"இருக்கா. ஆனா அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரிஞ்சுக்குவாங்க. கண்ணை மூடுங்க."

கண்ணை மூடினால் தூக்கம் வராது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லி முடித்தாளா என்பது அவளுக்கு நினைவில்லை.

விழித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. பதறி எழுந்தவளை நர்ஸ் தோளைப் பிடித்து அமர்த்தினாள். பிரஷர் இறங்கியிருந்தது, நல்லது என்று சொல்லும் அளவுக்கு இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்னும் அளவுக்கு. நாளைக்குத் திரும்ப வர வேண்டும். மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது. தலைவலி அதிகமானாலோ, கை மரத்தாலோ, பேச்சுக் குழறினாலோ நடுவழியில் நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு டாக்டரம்மா, "இன்னும் ஒண்ணு" என்றார்.

"சொல்லுங்க."

"அவர் வேலையில ஏதாவது ஒண்ணை இன்னொருத்தர்கிட்ட முழுசா விட்டுடுங்க. பக்கத்துல நின்னு பாக்கக் கூடாது. சரியா செஞ்சாங்களான்னு அப்புறம் கேக்கவும் கூடாது. அந்த நேரம் உங்களுக்கு. படுங்க, நடங்க, சும்மா இருங்க."

"சும்மா இருக்கறதுக்கு மாத்திரை ஏதும் இல்லையா டாக்டர்?"

"இல்ல. அதைக் கையாலதான் செய்யணும்."

வீட்டு வாசலில் இறங்கியபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமலோ என்று பயந்து நடையை எட்டிப்போட்டாள். புரையேறிவிட்டதா, அந்தப் பெண் கரண்டியை எந்தப் பக்கம் கொடுத்தாளோ. கூடத்தைத் தாண்டி அறை வாசலில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இருமல் இல்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணிய, கண்ணில் நீர் வழிகிற, மழைக்காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சிரிப்பு. ஓர்ப்படி முக்காலியில் சம்மணம் போடாத குறையாகச் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுக்கு ஒரு தட்டு, கையில் அவருக்கு ஒரு கிண்ணம். அவருக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். நடுவில் கதை.

"அப்புறம் அந்தக் கடைக்காரர் என்ன பண்ணினார் தெரியுமா மாமா? நான் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக் குடுத்துட்டேனா, அவருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஓடி வந்து, அம்மா தெரியாம கூடச் சொல்லிட்டேன்னு பாதியைத் திருப்பிக் குடுத்துட்டுப் போறார்."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அவர் கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அடுத்த வாய்க்குத் தானே வாயைத் திறந்தார். கிண்ணம் அடி தெரிந்தது. துண்டு பச்சைத் துண்டு.

அவர் கண் வாசலுக்கு வந்தது. மனைவியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. வாயை இறுக மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கரண்டியை இடது கையால் மெல்லத் தள்ளினார். போதும் என்று.

காலையிலிருந்து வாங்கிய அடியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. என்னைக் கண்டால் வாயை மூடுகிறாரா. விடிந்தது முதல் அடைகிற வரை இவருக்காக ஓடுகிற என்னைக் கண்டால்.

"எத்தனை நாளா இது?" என்றாள். குரல் அவளுடையது போலில்லை.

ஓர்ப்படி தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "அக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு? முகமெல்லாம் என்னமோ மாதிரி இருக்கு. மருந்துக்கடைக்காரர் போன் பண்ணிச் சொல்லிட்டார், மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு."

"அதை விடு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. என்னைப் பாத்தா ஏன் இவர் வாயை மூடறார்?"

"எனக்கும் அது புரியலக்கா. மத்தியானம் ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார். அதான் கேட்டேன், ஏன் மாமா, அக்கா ஊட்டினா மட்டும் ரெண்டு வாயோட நிறுத்திக்கறீங்கன்னு." ஓர்ப்படி தயங்கினாள். "கையாலயே காட்டினார். நீங்க நிக்கிற இடத்தைக் காட்டினார். அப்புறம் நாற்காலியைக் காட்டினார். அப்புறம் இப்படி." உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் காட்டினாள். "நீங்க நின்னுக்கிட்டே ஊட்டறீங்களாம். அவர் வாயை மூடினாத்தான் நீங்க போய் உக்காருவீங்களாம்."

அவள் கட்டிலைப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த அந்தப் பின்மண்டையை, அவள் கையால் எண்ணெய் தடவி வாரிய முடியை, மெலிந்துபோன கழுத்தை. பசி போய்விட்டது, நோய் முற்றுகிறது என்று டாக்டரம்மாவிடம் சத்துமாவும் டானிக்கும் எழுதி வாங்கிய கழுத்து. பசியோடுதான் மூடியிருக்கிறார். ஒவ்வொரு வேளையும். கடைசிப் பைசாவரை யாருக்கும் குறைக்காத மனுஷன், அவளுக்கு மட்டும், அவள் கேட்காமலே, தன் வயிற்றைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளோ, குறைகிற இடத்திலெல்லாம் மூக்கை நுழைக்கிறவள், இந்த ஒன்றைக் கவனிக்கவேயில்லை. அவர் சாப்பிடாத கவலையில் அவள் உட்கார்ந்ததுமில்லை. வாங்கினவளும் கெட்டாள், விற்றவரும் கெட்டார்.

அவள் அழுவாள் என்று ஓர்ப்படி நினைத்திருக்க வேண்டும், முந்தானையை நீட்டினாள். அவள் அதைத் தள்ளிவிட்டு, முக்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தது பெரிய சத்தமாகக் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"இப்படி ஒரு பேரத்தை நான் கண்டதில்லீங்க" என்றாள் அவரிடம். "எனக்கும் பிரஷராம். உங்களைவிட அதிகமாம். பக்கத்துக் கட்டில் வரைக்கும் பேச்சு வந்துடுச்சு."

அவர் வாய் திறந்தது, மூடியது. கண் அவள் முகத்திலேயே நின்றது. பிறகு இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல கை அது, பிடி உடும்புப் பிடி. விடவில்லை.

"நாளையிலேர்ந்து இவருக்கு மத்தியானச் சாப்பாடு உன் பொறுப்பு" என்றாள் ஓர்ப்படியிடம், திரும்பாமல். "முழுசா."

"சரிக்கா."

"நான் நின்னு பாக்க மாட்டேன்."

"சரிக்கா."

"துண்டு விஷயம் மட்டும்..." என்று ஆரம்பித்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். "எந்தத் துண்டா இருந்தா என்ன."

ஓர்ப்படி ஒரு நிபந்தனையும் போடவில்லை. நன்றிதான் சொன்னாள். அவள் இனம் அப்படி.

மறுநாள் மத்தியானம் மாடியில், ஓர்ப்படியின் அறையில், கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டு அவள் படுத்தாள். மாத்திரை போட்டாயிற்று. காலையில் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, திரும்பும்போது கடைவீதி முனைவரை நடந்தும் வந்தாயிற்று. இனிச் சும்மா இருக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி. அதுதான் வரவில்லை. உடம்பு மெத்தையில் கிடந்தது, காது மாடிப்படி வழியாகக் கீழே இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டது. முக்காலி நகரும் சத்தம். ஓர்ப்படியின் கதை. கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம். ரொம்ப வேகமாகக் கொடுக்கிறாளோ.

பிறகு தரையில் ஏதோ விழுந்து உடைந்தது.

அவள் எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவருகே நின்றுகொண்டிருந்தாள். விரல் தாழ்ப்பாளில் இருந்தது. கீழே ஒரு விநாடி அமைதி. அந்த ஒரு விநாடியில் அவர் கட்டிலிலிருந்து விழுந்தார், புரையேறித் திணறினார், செத்தே போனார்.

"ஒண்ணுமில்ல மாமா, கண்ணாடிக் கிண்ணம்தான். இருங்க, வேற எடுத்துட்டு வரேன்" என்ற ஓர்ப்படியின் குரல் வந்தது. அவர் எதையோ முனகினார். கோபமில்லாத முனகல்.

தாழ்ப்பாள் விரலுக்கடியில் குளிர்ந்து இருந்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். கீழே போய், கண்ணாடித் துண்டு காலில் குத்தாமல் எப்படிக் கூட்டுவது என்று காட்டிக் கொடுக்கலாம். அவளைவிட நன்றாகக் கூட்ட யாரால் முடியும்.

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். திரும்பி வந்து மெத்தையின் விளிம்பில் உட்கார்ந்தாள். கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. வேலை இல்லாத கைகள் இப்படித்தான் இருக்கும் என்று அவள் இதுவரை பார்த்ததில்லை. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே துடைப்பம் தரையைத் தேய்க்கும் சத்தம் கேட்டது, மூலையை விட்டுவிட்டுக் கூட்டுகிற சத்தம். அவள் படுத்தாள். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்கவும் இல்லை.